நூற்றுக்கு எத்தனை நாள்?

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லும் இப்போதே கொட்டட்டும்.

எங்கள் குடைக் கம்பெனியில் ஓய்வுக்காலத்துக்கென்று சம்பளத்தைப் பிடிக்கவில்லை. நாட்களைப் பிடித்தார்கள்.

நூற்றுக்கு இத்தனை என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பத்து என்றால் மாதத்தில் மூன்று நாள் போச்சு. ஞாயிறு இரவு படுத்தால் வியாழன் காலைதான் விழிப்பு. நடுவில் கட்டிலில் ஆளே இருக்காது. தலையணையில் பள்ளம் மட்டும் இருக்கும்.

அறுபது வயது முடிந்ததும் அத்தனை நாளையும் திருப்பித் தருவார்கள். நாம் ஒரு நாள் போட்டால் கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு நாள் போடும்.

எந்த நாளைப் போடுவது என்பது நம் இஷ்டம்.

துணி வெட்டும் தடியன் திங்கட்கிழமைகளாகப் பார்த்துப் போட்டான். இப்போது ஓய்வில் இருக்கிறான். தினமும் திங்கட்கிழமை.

கைப்பிடி வளைக்கும் பெரியவர், மச்சான் வந்து தங்கும் நாட்களைப் போட்டார். கெட்டிக்காரர் என்று மெச்சினோம். ஓய்வு பெற்ற மறுநாள் கதவைத் திறந்தால் மச்சான் பெட்டியோடு நிற்கிறான். போட்டதுதானே வரும்?

கம்பெனி பங்குக்கு, அவன் பின்னால் இன்னொரு மச்சான்.

என் முறை வந்தது. படிவத்தில் மனைவியின் கையெழுத்தும் வேண்டுமென்பதால் அவளையும் அழைத்துப் போயிருந்தேன். கவுன்ட்டர் மூட இன்னும் கால் மணி நேரம்தான்.

“நல்ல நாளாப் போடுங்க சார், பின்னாடி சுகமா இருக்கும்” என்றார் குமாஸ்தா. “இருபதுன்னு எழுதிக்கட்டுமா?”

தலையாட்டினேன். இருபது என்றால் மாதம் ஆறு நாள். நானும் அவளும் சண்டை போடாமல் ஆற்றங்கரையில் நடக்கும் நாட்கள் மொத்தமே ஆறுதான்.

“நல்ல ஆறையும் இங்க குடுத்துட்டா, எனக்கு வர்ற இருபத்தி நாலும் சண்டைதானா?” என்றாள்.

“அறுபதுக்கு மேல சேத்து வெச்சு நடப்போம்மா.”

“அப்ப என் முட்டி நடக்குமா? அதுக்கும் கம்பெனி பங்குக்கு ஒரு முட்டி போடுமா?”

குமாஸ்தா மெனக்கெட்டு விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். முட்டியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அவள் என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். கட்டத்தில் ஒரு பூஜ்யம் போட்டாள். பக்கத்தில் வேறு எண் எதையும் நுழைக்க முடியாதபடி, கட்டத்தை அடைத்துக்கொண்டு, பூசணிக்காய் போல ஒரு பூஜ்யம். கீழே கையெழுத்தும் போட்டாள்.

“இனிமே வர்ற நாள வந்தன்னிக்கே செலவு பண்ணுங்க” என்றாள்.

அன்று சாயங்காலமே ஆற்றங்கரைக்குப் போனோம். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு திட்டினாள். அதை நல்ல நாளில் சேர்ப்பதா கெட்ட நாளில் சேர்ப்பதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு எண்பத்தோரு வயது. கல்யாணம் ஆகவில்லை.