சாட்சி முள்

"இந்த முள்ளு பொய் சொல்லாதுங்கறயே, அப்பப் பொய் சொல்றது ஆரு?"

பள்ளிபாளையத்து நூல் வியாபாரி காளியப்பன் கேட்டது மெக்கானிக் அம்மாசியிடம். பார்வை மட்டும் டிரைவர் சென்றாயன் மேலேயே இருந்தது.

கொஞ்ச நாளாகவே காரில் பெட்ரோல் கணக்கில்லாமல் தீர்ந்துகொண்டிருந்தது. அதிலும் அவர் மனைவி சென்னம்மாள் திருச்செங்கோட்டுக் கோயிலுக்குப் போய்வரும் நாளில் ரொம்பவே அதிகம். சாமி கும்பிடப் போகிற இடத்திலும் திருடுகிறானே என்று அவருக்கு வயிறு எரிந்தது. போதாக்குறைக்கு டிரைவர் சீட்டில் ஒரு தலையணை வேறு கிடந்தது. திருடன் மட்டுமல்ல, தூங்குமூஞ்சியும்கூட.

ஈரோட்டிலிருந்து வந்த அம்மாசி, வேக்குவம் கேஜ் என்ற அளவுமானியை ரப்பர் குழாயால் என்ஜினோடு மாட்டி, அதன் வட்ட முகப்பை முன்சீட்டுக்கு எதிரே கட்டிவைத்திருந்தான்.

"இது பெட்ரோலை அளக்காதுங்க. என்ஜின் காத்தை உறிஞ்சற இழுவையைத்தான் அளக்கும். காலை லேசா வெச்சா காத்து வர்ற வழி ஒடுங்கும், இழுவை ஏறும், முள்ளு மேல நிக்கும். அழுத்தி மிதிச்சா வழி தொறந்துக்கும், முள்ளு உழுந்துரும். பெட்ரோலும் ஏகமாக் குடிக்கும்."

"வண்டி நின்னாப்லயே என்ஜினை ஓட்டிப் பார்த்தமே, முள்ளு துடிக்கவே இல்லையே?"

"துடிச்சாத்தானுங்க என்ஜின்ல கோளாறு."

சென்றாயன் ஓட்டினான். காளியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து கண் கொட்டாமல் முள்ளையே பார்த்தார். சங்ககிரி ரோட்டில் போய்த் திரும்பி வீட்டு வாசலில் வண்டி நிற்கும்வரை முள் பெரிதாக இறங்கவே இல்லை.

"என்ஜின் மேல தப்பில்லை. உன்ற கால் மேலயும் தப்பில்லை. அப்பக் கை மேலதான். பெட்ரோலை ஆருக்கு ஊத்தறே?"

"ஆருக்கும் ஊத்தலீங்க எசமான்."

"பொறவு எங்கடா போச்சு?"

சென்றாயன் வீட்டு வாசலை ஒருதரம் பார்த்தான். "அதைச் சொல்லமாட்டனுங்க."

"அப்பச் சாவியைக் குடுத்துப்போட்டு நட."

மூன்று பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிற வேலை அது. சென்றாயன் இறங்கி, ஜன்னல் வழியாகச் சாவியை நீட்டினான்.

அதைக் குறுக்கே வந்து வாங்கியது சென்னம்மாளின் கை.

"ஏனுங்க, அவன் வாயைத் தொறக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்குனது நாந்தானுங்க" என்றவள், டிரைவர் சீட்டிலிருந்த தலையணையை உயரத்துக்குத் தோதாகத் தட்டிப் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். "கெட்டியாப் புடிச்சுக்குங்க."

கார் ஒரு துள்ளு துள்ளிக் கிளம்ப, சென்றாயன் ஓட்டியபோது இறங்காத முள் அடியோடு விழுந்தது.