இருள்வேந்தனுக்கு மாலை

தேயிலைத் தோட்டத்து இளைஞர்கள் போட்ட, ஒளிவேந்தனும் இருள்வேந்தனும் மோதும் விண்வெளி நாடகம் முடிந்தது. தொழிற்சங்கத் தலைவர் சந்தனராஜ் சால்வையைச் சரிசெய்துகொண்டு மைக்கைப் பிடித்தார்.

"ஒளிவேந்தன் என்ன சொன்னான்? 'சனங்க கேட்டதுல இம்மி கொறைஞ்சாலும் கையெழுத்துப் போட மாட்டேன்'னான். அவன் தலைவன். இந்த இருள்வேந்தன், 'கெடைச்சதே பெருசு, வாய மூடிக்கிட்டு வேலைக்குப் போங்க'ங்கிறான். த்தூ. இந்த மாதிரி ஆளுக்கு நம்ம சனம் என்ன போடும்?"

"மாலைதாங்க," என்றாள் கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமி. பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தலைவர் முகம் சுளித்தார். "வெவரம் கெட்ட சனம். சரி, வசனம் யாரு எழுதினது? அவருக்கு ஒரு பொன்னாடை போடணும்."

நாடகத்தை இயக்கிய ஜெயந்தினி முன்னால் வந்தாள். "யாரும் எழுதலீங்க. ஃபோன்ல பதிஞ்சு வச்சிருந்த பேச்சத்தான் அப்படியே போட்டோம்."

"யாரு பேச்சு?"

"ரெண்டும் உங்க பேச்சுதாங்க. ஒளிவேந்தன் பேசினது, சம்பள ஒப்பந்தத்துக்கு மொத நாள், காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக் களத்துல நீங்க பேசினது. இருள்வேந்தன் பேசினது, கையெழுத்துப் போட்டுட்டு வந்து அதே எடத்துல பேசினது."

அவள் நாகலெட்சுமியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா சொன்னது சரிதாங்க. ரெண்டு நாளும் மாலை போட்டோம்."