லாரி வராத தெரு

"பள்ளிக்கூடத் தெருவுல காலையில லாரிய விடாதீங்க ஹாஜி. போன வாரம் ஒரு பிள்ளை மயிரிழையில தப்பிச்சுது," என்று நகராட்சித் தலைவர் தாஹிரிடம் மனுவை நீட்டினாள் மத்தி மீன் ஆலையில் வேலை செய்யும் இத்தோ.

"விட்டுத்தான் ஆகணும்!" பின்னாலிருந்து கத்தினான் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பூஜம்ஆ. "லாரி வரலன்னா நாங்க மண்ணையா தின்னுறது?"

தேர்தலில் தனக்கு எதிராக வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டவனைக் கண்டதும் தாஹிர் விருட்டென்று தன் ஊழியர்கள் பக்கம் திரும்பினார்.

"இவன் வேணுங்கிறானா? அப்ப ஒரு லாரியும் வராது. இன்னைக்கே தடுப்பு வைங்கடா!"

பூஜம்ஆ திட்டிக்கொண்டே வெளியேறினான். மனுவில் கையெழுத்துப் போட்டு இத்தோவையும் அனுப்பிவிட்டு, அவன் முகம் தொங்குவதைப் பார்க்க ஜன்னலுக்குப் போனார் தாஹிர்.

கீழே ஒரு சிறுமி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். "வாப்பா, நடந்துச்சா?"

"உங்க உம்மாகிட்டயே கேளு."

படியிறங்கி அவர்களிடம் வந்த இத்தோ சிரித்தாள். "உங்க வாப்பாவும் சேர்ந்து கேட்டிருந்தா அந்த மனுசன் தந்திருப்பாரா? அதான் எதிர்த்துக் கத்தச் சொன்னேன்!"