டம்ளர் காவல்

‘டணார்!’

ஊர்மிளாவின் அறைத்தோழி ரஞ்சு அலமாரியை அறைந்து சாத்திய வேகத்தில், ஜன்னலோரம் இருந்த எவர்சில்வர் டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

அவ்வளவுதான். “பூகம்பம்! ஓடுங்க!” என்று அவள் அலறிக்கொண்டு ஓட, மாடியே அவள் பின்னால் ஓடியது. காத்மாண்டுவின் பூஸ் மாதக் குளிரில், பல்கலைக்கழக விடுதியின் முற்றத்தில் வெறுங்காலோடு நின்று எல்லோருக்கும் பல் தந்தியடித்தது.

பூமி தன் பாட்டுக்குச் சும்மா கிடந்தது.

“இன்னிக்குப் பரீட்சை! இந்த மகராசி டம்ளரால இது எத்தனாவது ஓட்டம்?” ரஞ்சு வார்டனிடம் பொரிந்தாள். “மிஸ், ஒண்ணு அந்த டம்ளர் இங்க இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும்!”

தலைகீழாக நிறுத்திய பாட்டில், அதன்மேல் ஒரு டம்ளர். தரை லேசாக அசைந்தாலும் விழுந்து எழுப்பிவிடும். வீடுகளை இடித்துத் தள்ளிய அந்தப் பெரிய பூகம்பத்துக்குப் பிறகு ஊர்மிளாவின் மலைக்கிராமத்தில் வீட்டுக்கு வீடு இதுதான் காவல். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியை அந்த இடிபாட்டுக்கு வாரிக்கொடுத்தவள் அவள்.

வார்டன் சுபத்ரா மிஸ் மாடியேறினார். பாட்டிலும் டம்ளருமாக இறங்கி வந்தார்.

“இனிமே இது உன் ரூம்ல இருக்கக் கூடாது.”

“மிஸ், அது இல்லாட்டி எனக்குப் பொட்டுத் தூக்கம் வராது.”

“வரும். போ, பரீட்சைக்குக் கிளம்பு.”

கல்நெஞ்சக்காரி! மனசுக்குள் திட்டிக்கொண்டே ஊர்மிளா கிளம்பினாள். பரீட்சையில் ஒரு வரி ஓடவில்லை. எப்போது ஆடுமோ என்று காலடித் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பெட்டியைக் கட்டிவிட்டாள். படிப்பாவது, மண்ணாவது! டம்ளரை வாங்கிக்கொண்டு ஊருக்கே போய்விட வேண்டியதுதான்.

வார்டன் அறைக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தவளுக்குச் சுர்ரென்று ஏறியது. வார்டன் கட்டிலின் தலைமாட்டில், தலைகீழாக அதே பாட்டில். அதன்மேல் அதே டம்ளர்.

“எனக்குக் கூடாது, உங்களுக்கு மட்டும் வேணுமா மிஸ்? உங்க உயிர்தான் உயிரா?”

வார்டன் கோபிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு அடிக்கிற பெரிய பித்தளை மணியைத் தூக்கிவந்து, டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

“தம்பி போன நாள்லேருந்து ராத்திரியெல்லாம் நீ ஒருத்தியே காவல் இருந்துட்டே. போதும்மா. இது விழுந்தா நான் மணி அடிக்கிறேன். இனிமே முழிச்சிருக்கறது என் வேலை. நீ போய்த் தூங்கு.”