கொட்டிய மருந்து

மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்த டாக்டர் உமா மகேஸ்வரிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஸ்லைடில் இருக்க வேண்டியது புஷ்பா என்கிற பெண்ணின் இரைப்பைச் சதை. இருந்ததோ சல்லடை. செல்லெல்லாம் வெடித்து, எங்கே பார்த்தாலும் ஓட்டை. இதை வைத்துக்கொண்டு வெறும் புண் என்று எழுதுவதா, புற்றுநோய் என்று எழுதுவதா? கடவுளே வந்து பார்த்தாலும் சொல்ல முடியாது.

"நசீரா, இந்த பாட்டிலைக் கொண்டுவந்த புண்ணியவான் யாரு? உடனே வரச் சொல்லு."

லேப் டெக்னீஷியன் நசீரா தயங்கினாள். "நம்ம ஷாதிபூர் மீன்கடை ஒச்சப்பன் அண்ணன்தான் மேடம். புஷ்பாக்கா அவரோட வீட்டுக்காரம்மா."

உமாவின் கோபம் ஒரு படி இறங்கியது. போர்ட் பிளேரில் ஒச்சப்பன் கடை மீன் போகாத தமிழ் வீடு குறைவு. கப்பல் ரத்தாகி, ஒரு படகுகூடக் கடலுக்குப் போகாத புயல் வாரத்திலும் அவர் கடை மீன் மட்டும் நேற்றுப் பிடித்த மாதிரி விறைப்பாகக் கிடக்கும். எப்படி என்று கேட்டால், "ஏக்தம் தாஜா, புத்தம் புதுசு டாக்டரம்மா, கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்பார். உமாவும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவாள். இன்றைக்கு மேஜைமேல் இருக்கும் டிபன் கேரியரிலும் அவர் கடை சுர்மாய் மீன் வறுவல்தான்.

ஒச்சப்பன் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். லுங்கியில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"அண்ணே, ஆஸ்பத்திரியில குடுத்த பாட்டிலை அப்படியே இங்க கொண்டுவந்து குடுக்கணும். அவ்வளவுதானே உங்க வேலை? என்ன பண்ணுனீங்க?"

அவர் ஒளிக்காமல் சொன்னார். சனிக்கிழமை வயிற்றுக்குள் குழாய் விட்டு, அரிசி அளவு சதை எடுத்து, ஏதோ மருந்துத் தண்ணியில் போட்டுக் கொடுத்தார்களாம். மூடியைத் திறந்து பார்த்தால் கண்ணெல்லாம் எரிந்ததாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே அதைக் கொட்டிவிட்டு, பாட்டிலை நன்றாகக் கழுவி, காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றினாராம். ஞாயிற்றுக்கிழமை லேப் லீவு என்பதால் வீட்டு ஃப்ரீசரில் வைத்தாராம். மீனோடு வைக்கவில்லை, தனியாகத்தான் வைத்தேன் என்று அதையும் ஒரு பெருமையாகச் சேர்த்துக்கொண்டார்.

உமா வெடித்துவிட்டாள். ஃப்ரீசரில் தண்ணீர் உறைந்து செல்லையெல்லாம் கிழித்துவிட்டது, இனி இதில் பார்க்க ஒன்றுமில்லை, திரும்பவும் அந்தம்மா தொண்டையில் குழாய் விட்டுத்தான் ஆக வேண்டும் என்றாள். குழாய் விடும் டாக்டர் மாதத்துக்கு ஒரு தடவை மெயின்லேண்டிலிருந்து வருகிறவர். நாளைக்கு ஃபிளைட் ஏறிவிடுவார். அதற்குப் பிறகு அடுத்த மாதம்தான். அதற்குள் வியாதி முற்றிப்போனால் யார் பொறுப்பு என்று கேட்டாள்.

ஒச்சப்பன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"தின்னது எதுவும் தங்க மாட்டேங்குது டாக்டரம்மா. ஆளு பாதியாயிட்டா. குழாய் விடுறப்ப எங் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. மறுபடியும் வான்னு நான் எப்பிடிக் கூப்புடுவேன்?"

அழுகிற மனுஷனை அதற்கு மேல் எப்படித் திட்டுவது? உமாவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. படித்தவர்கள் ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லாமல் பாட்டிலைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுகிறோம்; பாவம், வெள்ளந்தியான ஆள், இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஃபோனை எடுத்தாள். குழாய் டாக்டர் முதலில் முடியவே முடியாது என்றார். உமா கெஞ்சினாள், கொஞ்சம் சண்டையும் போட்டாள். கடைசியில் ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில், விடிந்ததும் வந்து எடுத்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

ஒச்சப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். அவரை அனுப்பிவிட்டுத்தான் சாப்பாடு என்று உமா கேரியரை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள். நேரம் போனதில் பசி வயிற்றைக் கிள்ளியது.

"வீட்டுக்குப் போய் அக்காவுக்குத் தைரியம் சொல்லுங்கண்ணே. நாளைக்கு வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க. ஆனா ஒண்ணு, இந்தத் தடவை அந்த மருந்தைக் கொட்டக் கூடாது."

"அதுலதான் போடணுமா?" அவர் முகம் சுருங்கியது. "வேற வழி இல்லையா டாக்டரம்மா?"

உமாவுக்குப் போன எரிச்சல் திரும்ப வந்தது. இருந்தாலும் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னாள்.

"அதுக்குப் பேரு ஃபார்மலின். சதை அழுகாம அப்படியே இருக்கும். அதுக்குத்தான் ஊத்துறாங்க. புரிஞ்சுதா?"

கேரியரின் மேல் தட்டைத் திறந்தாள். சுர்மாய் வறுவல் மணத்தது.

வாசல் வரை போன ஒச்சப்பன் திரும்பினார். இத்தனை நேரம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனுஷனுக்கும் இப்போது ரோஷம் வந்துவிட்டது.

"ஃபார்மலின்னு எனக்குத் தெரியாதா டாக்டரம்மா? மீனுக்கே நாங்க ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு மூடிதான் ஊத்துவோம். எம் பொண்டாட்டி வயித்துச் சதைய அந்த விஷத்துல முக்கி வச்சா, பாத்துக்கிட்டுச் சும்மா இருப்பேனா?"