கை எழுந்த இரண்டு நாள்

"உங்க வீட்டுல யாரோ இவருக்குத் தூக்க மாத்திரை கொடுக்கறாங்க," என்றார் டாக்டர்.

பெரியவர் நாற்காலியில் இன்னும் நிமிர்ந்தார். ஏற்கெனவே நிமிர்ந்துதான் இருந்தார். அவர் நடத்தும் கண்ணாடி வெட்டும் பட்டறையில் வேலையாட்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் அடிக்கோல்.

"எங்க பரம்பரையில அந்த மாதிரி மாத்திரையை எவனும் தொட்டதில்ல, டாக்டர்."

"பரம்பரை எனக்குத் தெரியாதுங்க. ரத்தத்துல இருக்கு."

பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவர் தம்பி பாதிக் கண் மூடிக் கிடந்தான். ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு மூன்று மாதமாகிறது. உயிர் பிழைத்துவிட்டான். பேச்சு குழறினாலும் புரியும். வலது கைதான் அவன் சொல்லைக் கேட்கவில்லை. விழுவதற்கு முன் அந்தக் கை கோடு கிழித்தால் எவ்வளவு பெரிய கண்ணாடியும் சத்தமில்லாமல் இரண்டாகப் பிரியும். பட்டறைக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்தக் கைதான்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். அடிபட்ட மூளை, கையை அசைக்க வேறு வழி தேடுகிறது. பயிற்சி செய்யும்போது மூளைக்குள் ஊறும் சில ரசாயனங்கள்தாம் அந்த வழியைப் பதிய வைக்கின்றன. அந்த நேரத்தில் தூக்க மாத்திரை உள்ளே இருந்தால் பதிவது மந்தமாகிவிடும்.

"உங்க தொழில்லயே சொல்றேன். வெட்டற கருவியில மழுங்கின சக்கரத்தை வெச்சுக் கண்ணாடியில இழுக்கற மாதிரி. கை ஓடும், கோடு விழாது. இந்த முதல் சில மாசத்தை விட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம்."

பயிற்சி கொடுக்கும் பெண் தன்னிடம் சொன்னதையும் டாக்டர் சொன்னார். சென்ற மாதம் இரண்டே நாள் தம்பியின் கை தோள் உயரம்வரை எழுந்திருக்கிறது. மறுநாளே பழையபடி தொங்கிவிட்டது. அந்த இரண்டு நாளும் மாத்திரை உள்ளே போயிருக்காது. அப்போது வீட்டில் என்ன மாறியது என்று யோசிக்கச் சொன்னார்.

பெரியவர் மெல்லத் திரும்பி, சக்கர நாற்காலிக்குப் பின்னால் நின்ற தம்பி மனைவியைப் பார்த்தார். அந்த இரண்டு நாளும் அவளை அழைத்துக்கொண்டு அவர் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தார். தம்பி விழுந்ததால் குடும்பமே படுத்துவிட்டது என்று யாரும் பேசிவிடக் கூடாது என்பது அவர் கட்சி. தம்பியைப் பார்த்துக்கொண்டது சம்பளத்துக்கு வந்த நர்ஸ்.

"அந்த அழுகை எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

பெரியவர் முகம் அப்போதுதான் தெளிந்தது. அடிபட்ட புதிதில் தம்பி எதற்கெடுத்தாலும் அழுதான். டிவியில் விளம்பரம் ஓடினால் அழுகை, யாராவது நலம் விசாரித்தால் அழுகை. அது துக்கமில்லை, மூளையில் பிடி தளர்ந்ததால் வருவது, அதற்குத் தனி மருந்து உண்டு என்று டாக்டர் அப்போதே சொன்னார். அழுகைக்கு மருந்து வாங்கும் அளவுக்கு எங்கள் குடும்பம் இறங்கவில்லை என்று பெரியவர் மறுத்துவிட்டார். பட்டறை வாடிக்கையாளர் ஒருவர் பார்க்க வந்தபோது அவர் முன்னால் தம்பி தேம்பிய அன்று, பெரியவர் ஒரே வார்த்தைதான் சொன்னார். "நம்ம வீட்டு ஆம்பளை அழுது வெளியாள் பார்த்ததில்லடா." அதோடு விடாமல், தினமும் பயிற்சி நேரத்துக்குப் பட்டறையிலிருந்து வந்து தம்பிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அழுகை நின்றுவிட்டது.

"நான் முன்னால உக்காந்தா போதும் டாக்டர். ஒரு சொட்டு வராது."

பெரியவர் இருவரையும் வீட்டுக்கு அழைத்து வந்தார். கூடத்தில் சக்கர நாற்காலியை ஜன்னலோரம் நிறுத்திவிட்டுத் தம்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒரு நாளாவது நிம்மதியாத் தூங்கணும்னு நீ நெனச்சா அது தப்பில்ல. மறைச்சதுதான் தப்பு."

"நான் கொடுக்கல, மாமா."

ஆஸ்பத்திரியில் முதலில் கொடுத்து, பிறகு நிறுத்தச் சொன்ன மாத்திரை டப்பா எங்கே என்று கேட்டார். கட்டிலோரத்து இழுப்பறையில் போட்டு வைத்ததாகவும், பிறகு அதைக் காணவில்லை என்றும் அவள் சொன்னாள்.

"கால் முளைச்சு நடந்து போச்சாக்கும்."

அவள் தலை நிமிர்ந்தாள். "அவர் சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கணும்னு நான் வேண்டாத நாள் இல்ல, மாமா. அந்தக் கையை நானா கெடுப்பேன்?"

இனி எல்லா மாத்திரையும் தன் கையால்தான் கொடுக்கப்படும் என்றார் பெரியவர். குரலை உயர்த்தாமலே, அவள் கொஞ்ச நாள் தன் அம்மா வீட்டில் போய் இருப்பது எல்லாருக்கும் மரியாதை என்றும் சொன்னார். அவள் கணவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு துணிகளை எடுத்து வைக்க உள்ளே போனாள்.

சக்கர நாற்காலி கிறீச்சிட்டது. தம்பியின் இடது கை நாற்காலி மெத்தைக்கு அடியில் வெகுநேரம் துழாவியது. வெளியே வந்தபோது அதில் ஒரு மாத்திரை டப்பா இருந்தது. அதை அண்ணனின் மடியில் வைத்தான்.

"அவ இல்லண்ணே, நான்தான்," என்றான் குழறலாக. "நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு போட்டுக்கிட்டாத்தான்... உங்க எதிர்ல அழாம இருக்க முடியுது."