அம்புக்குறி

“அக்கா, டிரெட்மில் வேகத்தக் குறைங்க, மயங்கி விழுந்துடுவீங்க!” என்று பதறினார் ஜிம் மாஸ்டர்.

“இன்னும் கூட்டுங்க மாஸ்டர். என்னை வச்சு ஊரைச் சிரிக்க வச்சவன் வயிறு எரியணும்,” என்றாள் அவள், எதிர் ஜிம்மை முறைத்தபடி.

அங்கே வாசலில், முகம் தெரியாத ஒரு குண்டுப் பெண்ணின் முதுகுப் படம் பெரிதாகத் தொங்கியது. ‘இப்படி ஆகலாமா?’ என்ற அந்தக் கேலிக்கே கூட்டம் அள்ளியது.

ஒரே வருடத்தில் அவள் பாதியாக இளைத்துவிட்டாள். மாஸ்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“உங்க படத்த நம்ம வாசல்ல மாட்டிடலாம்க்கா. இளைக்கறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கா?”

“அது எதுக்கு? எதிர் ஜிம்மைக் காட்டி ஒரு அம்புக்குறி போட்டு, ‘முன்பு’ன்னு எழுதுங்க, போதும்,” என்றாள். “கட்டின பொண்டாட்டி முதுகையே படம் புடிச்சு மாட்டியிருக்கான் என் புருஷன்.”